ஒழுக்கை அடைத்தவர்கள்

குமணன் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு அந்த வள்ளல்தான் நினைவுக்கு வருவார். நாட்டைத் தம்பியிடம் பறிகொடுத்துக் காட்டில் இருந்த சமயத்தில் பெருந்தலைச்சாத்தனார் என்ற புலவர் தேடிக்கொண்டு வந்தார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. என் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் வாங்கிக்கொள் என்று வாளை நீட்டினார் குமணன். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்குச் சற்று முன்னால் இருக்கிற குமணன்சாவடியில் இப்போது வாளும் இல்லை, புலவரும் இல்லை. பஸ் இருக்கிறது, லாரி இருக்கிறது, லேத் பட்டறை இருக்கிறது. இவற்றுக்கு நடுவே மஞ்சள் வர்ணம் பூசிய ஒரு யந்திரம் வந்தால் மட்டும் சின்னப் பையன்கள் நின்று பார்க்கிறார்கள். முன்னால் ஒரு பெரிய முறம். பின்னால் தேள் கொடுக்குப் போல மடங்கிய ஒரு கை. பையன்கள் “ஜேசிபி!” என்று கூவுகிறார்கள். வயதானவர்கள் “பொக்லைன்” என்கிறார்கள்.

இரண்டும் தமிழ் வார்த்தைகளாகவே ஆகிவிட்டன. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945ஆம் வருஷம் உட்டாக்ஸிட்டர் என்ற சிற்றூரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் குடியானவர்களுக்கு இழுவண்டி செய்துகொண்டிருந்தார். முன்னால் முறமும் பின்னால் கையும் சேர்ந்த யந்திரத்தை 1953இல் கொண்டு வந்தார். 1979இல் டெல்லியை அடுத்த பல்லப்கருக்கு வந்தது அந்தக் கம்பெனி. பொக்லைன் என்பது 1927இல் பிரான்ஸில் தொடங்கிய ஒரு ஸ்தாபனத்தின் பெயர். அதுவும் குடியானவர்களுக்குச் சாமான் செய்த பட்டறைதான். 1951இல் மண் வெட்டும் யந்திரத்துக்கு வந்தது. ஓர் ஆங்கிலேயரின் இனிஷியலும் ஒரு பிரெஞ்சுப் பட்டறையின் பெயரும் பூந்தமல்லிப் பக்கத்துக் கிழவியின் வாயில் “ஜேசிபி விட்டு இடிச்சுப்புட்டான்” என்று புழங்குவதைக் கேட்டால், மொழித் தூய்மைக்காரர்கள் கூடச் சற்றுச் சிரித்துவிட்டுத்தான் கோபிப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாம்ஃபோர்டைப் பற்றி அல்ல. அந்தக் கையைத் தூக்குகிற சாதனத்தைப் பற்றி. இரும்புக் குழாய் ஒன்று. அதற்குள் போய் வருகிற ஒரு பிஸ்டன். பிஸ்டனோடு சேர்ந்த, கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு ராடு. புத்தகங்களில் இதற்கு ஹைட்ராலிக் சிலிண்டர் என்று பெயர். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜாக் என்பார்கள். பக்கெட் ஜாக், பூம் ஜாக் என்று கைக்கு ஒன்று, முறத்துக்கு ஒன்று. ஓர் என்ஜின் பம்பை ஓட்ட, பம்பு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. உட்குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் வந்தால் பிஸ்டன் தள்ளுகிற பாரம் பதினைந்து டன்னுக்கு மேல். மூன்று நான்கு கோயில் யானைகள் சேர்ந்து ஒரு பித்தளைச் செம்பின் வாயகலத்தில் ஏறி நிற்பது போல.

இவ்வளவு பலமும் ஒரு வளையத்தை நம்பி இருக்கிறது. பிஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் அது நகராது. அந்த மயிரிழை வழியே எண்ணெய் போகாமல் தடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது தள்ளாது. நகரவும் வேண்டும், கசியவும் கூடாது. இந்த இரண்டையும் சமாதானம் செய்து வைக்கிற சில ரூபாய் வளையம் தேய்ந்துபோனால் லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரம் வெறும் இரும்புக் குவியல். ‘ஒழுகு’ என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல அர்த்தமும் உண்டு. ஒழுக்கம் பிறந்தது அதிலிருந்துதான். ஜாக் விஷயத்தில் மட்டும் ஒழுகாமல் இருப்பதுதான் ஒழுக்கம்.

இந்த வளையத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரஸ் செய்தவரைச் சரித்திரம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. வளையம் செய்தவரை ஓரமாக நிறுத்திவிட்டது.

நீருக்குள் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று கண்டு சொன்னவர் பாஸ்கல் என்ற பிரெஞ்சு மேதை. ஒரு பாத்திரத்தில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது. சின்ன வாயில் ஒருவன் அமுக்கினால் பெரிய வாயில் நூறு பேர் அமுக்குவதைத் தடுத்து நிறுத்தலாம் என்றார். 1662இல் தமது 39ஆம் வயதில் காலமானார். புத்தகம் மறு வருஷம் அச்சாயிற்று. அதற்கப்புறம் நூற்று முப்பது வருஷம் அந்த உண்மை காகிதத்திலேயே கிடந்தது. தத்துவம் சரி, செய்து பார்த்தால் ஒழுகும்.

1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் இந்தத் தத்துவத்தை வைத்து ஒரு பிரஸ்ஸுக்குப் பேட்டண்டு வாங்கினார். யார்க்‌ஷயர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இளம் வயதில் காலில் அடிபட்டு ஏர் பிடிக்க முடியாமல் போனதால் தச்சு வேலைக்குப் போனவர். லண்டனில் பிரபுக்கள் வீட்டில் கக்கூஸ் பொருத்தப் போய், இருந்ததைவிட நல்லதாக ஒன்றைச் செய்து 1778இல் அதற்குப் பேட்டண்டு வாங்கினார். பிறகு பூட்டு. பிக்கடில்லியில் தம் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, கள்ளத்தனமாகத் திறப்பவருக்கு 200 கினி என்று பலகை மாட்டினார். அது 1851 வரைக்கும் யாருக்கும் திறக்கவில்லை. அந்த வருஷம் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் உட்கார்ந்து, மொத்தம் 51 மணி நேரம் போராடித் திறந்தார். பிராமாவின் புகழைப் பாடுகிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. ஜன்னலில் இருந்த அந்தப் பூட்டைச் செய்த கை வேறு ஒருவருடையது.

அவர் ஹென்றி மாட்ஸ்லே. 1771இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் பிராமாவின் பட்டறைக்கு வேலைக்கு வந்து, சீக்கிரமே மேஸ்திரி ஆனார். புதுப் பிரஸ்ஸில் பிராமாவுக்கு வந்த தலைவலி இதுதான்: ராம் என்கிற அந்தப் பெரிய உருளையைச் சுற்றி அடைப்பை இறுக்கி வைத்தால் தண்ணீர் நின்றது, ஆனால் வேலை முடிந்த பிறகு ராம் கீழே இறங்க மறுத்தது. அடைப்பைத் தளர்த்தினால் இறங்கியது. ஆனால் தண்ணீர் பீச்சியடித்தது. யந்திரத்தை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்று தெரியாமல் ஒரு பெரிய மூளை திகைத்து நின்றது.

இதற்கு மாட்ஸ்லே கண்ட வழியை உங்களுக்குப் புரியவைக்கப் படம் வேண்டாம். சைக்கிள் பம்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். உள்ளே கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணம் போல ஒரு தோல் வாசர் இருக்கும். அமுக்கும்போது காற்று கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கிறது. எவ்வளவு பலமாக அமுக்குகிறோமோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். இழுக்கும்போது விளிம்பு சுருங்கி வழி விடுகிறது. ஒழுக நினைக்கிற பொருளையே ஒழுக்கை அடைக்கிற வேலைக்கு வைத்துக்கொள்வது என்ற யுக்தி இது. பிராமாவின் பிரஸ்ஸில் மாட்ஸ்லே வைத்த தோல் வளையமும் இதே ஜாதி. தண்ணீர் ஏறினால் விரியும். தண்ணீரை விட்டுவிட்டால் சுருங்கும். ராம் சமர்த்தாக இறங்கும். பின்னாளில் மாட்ஸ்லேயிடம் வேலை கற்றுப் பெரிய யந்திர நிபுணரான ஜேம்ஸ் நாஸ்மித் இதைப் பற்றி எழுதி வைக்காமல் போயிருந்தால், பிராமாவே இந்த வளையத்தையும் செய்தார் என்றுதான் நாம் படித்துக்கொண்டிருப்போம்.

சம்பளம் எவ்வளவு தெரியுமா? வாரத்துக்கு முப்பது ஷில்லிங். கல்யாணம் ஆகிக் குடும்பம் பெருகிய பிறகு மாட்ஸ்லே கொஞ்சம் உயர்த்திக் கேட்டார். பிராமா முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டார். 1797இல் மாட்ஸ்லே வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார். திருகு வெட்டுகிற லேத்துக்குச் சரியான உருவம் கொடுத்தவர் அவர்தான்; குமணன்சாவடியில் ஓடுகிற ஒவ்வொரு லேத்தும் ஒரு வகையில் அவருடைய வம்சம். பிராமா கொடுக்க மறுத்த அந்தச் சில ஷில்லிங்குகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

பிராமாவின் முடிவும் விசித்திரமானது. ஹாம்ப்‌ஷயரில் ஹோல்ட் காட்டில் தம் பிரஸ்ஸைக் கொண்டு மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது குளிர் தாக்கிப் படுத்தார்; 1814 டிசம்பரில் இறந்துபோனார். இன்று ஒரு புளியமரத்தை ஜேசிபி வேரோடு சாய்ப்பதைப் பார்க்கும்போது, அது இரு நூறு வருஷத்துப் பழைய வேலை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பிரஸ் பெரிதாயிற்று. வேல்ஸில் மெனாய் ஜலசந்திக்கு மேலே ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ரயில் பாலத்துக்கு, ரயில் உள்ளே புகுந்து போகிற மாதிரி 460 அடி நீளமுள்ள இரும்புக் கூடுகளைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல். தூக்கியது ஹைட்ராலிக் பிரஸ். ஸ்டீபன்சன் தம் ஆட்களுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார்: அங்குலம் அங்குலமாகத் தூக்கு, தூக்கிய இடத்தில் உடனுக்குடனே முட்டுக் கொடு. ஆட்களுக்கு இது வீண் தாமதமாகத்தான் பட்டிருக்கும். 1849 ஆகஸ்டில் ஒரு நாள் பிரஸ்ஸின் அடிப்பாகம் வெடித்து விழுந்தது. ஒருவர் உயிர் போயிற்று. ஆனால் அந்த ராட்சதக் கூடு விழுந்தது ஒரு சாண் தூரம்தான். கீழே முட்டு இருந்தது. முட்டு இல்லாதிருந்தால் பாலமும் போயிருக்கும், எத்தனையோ பேரும் போயிருப்பார்கள்.

நம் ஊருக்கு இந்தப் பிரஸ் பருத்தியைத் தேடிக்கொண்டு வந்தது. பஞ்சு பாரமில்லாமல் இடத்தை அடைக்கிற சரக்கு. கப்பலில் இடத்துக்குத்தான் கூலி. ஆகவே அமுக்கிக் கட்ட வேண்டும். முதலில் திருகு பிரஸ், பிறகு ஹைட்ராலிக் பிரஸ் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயிலும் தெற்கே பருத்திச் சீமையிலும் பிரஸ் ஆலைகள் எழுந்தன. இன்றைக்கு நம் நாட்டில் ஒரு பொதி பருத்தி என்றால் 170 கிலோ.

அந்த நாளில் பிரஸ்ஸுக்குத் தோல் வளையம், பம்புக்குத் தோல் வாசர், கவலைக்குத் தோல். தோல் இல்லாமல் தண்ணீர் இல்லை. கிணற்று மேட்டில் மாடுகள் இழுக்க, சாலுக்குக் கீழே தைத்த தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் விழும். தோல் நைந்துவிட்டால் சால் மேலே வருவதற்குள் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். பிராமாவுக்கு வந்த அதே தலைவலிதான். குடியானவனுக்கு அது வயிற்று வலியும்கூட. சென்னையில் அப்போது சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய என்ஜினீயர் இதைக் கவனித்தார். நம்மவர்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு லண்டன் சந்தையில் நல்ல பெயர் உண்டு. ஆனால் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிற கவலைத் தோலுக்கு அது போதவில்லை. குரோம் உப்பில் பதனிட்டால் இன்னும் அதிக நாள் உழைக்குமா என்று 1903 வாக்கில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் பரீட்சை நடத்தினார். உழைத்தது. ஆனால் சர்க்கார் இப்படித் தொழிற்சாலை நடத்துவது தர்மமல்ல என்று 1910இல் சீமையிலிருந்து மார்லி பிரபு தாக்கீது அனுப்பிவிட்டார். சென்னைத் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்பனையாயிற்று. அந்தக் குரோம் தோலை வைத்துத் தனியார் ஒருவர் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய ஆலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். தோல் ஆராய்ச்சிக்கென்று அடையாற்றில் மத்திய நிலையம் எழுந்தது 1948இல்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்தவரைத் தொடக்கூடாது என்று ஊருக்கு வெளியே வைத்த தேசம் இது. அவர் பதனிட்ட தோல், கவலையில் ஏறி வயலுக்குத் தண்ணீர் கொடுத்தது. வாசராகி அடிபம்பில் ஏறி அக்கிரகாரத்துக்கும் தண்ணீர் கொடுத்தது. தெருவுக்குத் தெரு வந்த அடிபம்புகள் பலவற்றிலும் உள்ளே ஏறி இறங்கியது அந்த வாசர்தான். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டுதான் குடத்துக்கு வந்தது. யாரும் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. 1906இல் அமெரிக்காவின் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் பீரங்கி மேடையைத் திருப்ப எண்ணெயை உபயோகித்தார்கள். எண்ணெய் துருப்பிடிக்க விடாது, உறையாது, போகிற இடமெல்லாம் வழவழப்புக் கொடுக்கும். ஆனால் சூடேறும், சூட்டில் தோல் இறுகிச் சுருங்கும். சரி, ரப்பர் போடலாமே என்றால், மரத்து ரப்பர் மண்ணெண்ணெயில் போட்ட வாசர் மாதிரி ஊதிப் போய்விடும். எண்ணெய்க்கு அசையாத செயற்கை ரப்பரை 1930களில் ஜெர்மானியர் செய்த பிறகுதான் வழி பிறந்தது.

அந்த ரப்பரை எந்த உருவத்தில் வைப்பது? இதற்கு விடை கண்டவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1865இல் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மெக்கானிக். பிரேக் சம்பந்தமாக உழைத்து, பேட்டண்டு வழக்குகளில் கோர்ட்டு வாசலில் பாதி ஆயுளைக் கழித்தவர். அறுபத்தெட்டாம் வயதில், நம் ஊரில் பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிற வயதில், ரப்பர் வளையங்களோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். கடைசியில் கிடைத்தது மிகச் சாதாரணமான ஒன்று. வட்டமாக ஒரு ரப்பர் வளையம். அது உட்கார, அதன் தடிப்பைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு பள்ளம். எண்ணெய் தள்ளும்போது வளையம் பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்ந்து, நசுங்கி, வழியை அடைத்துக்கொள்ளும். மாட்ஸ்லேயின் அதே யுக்தி: ஒழுக வருகிறவனையே காவல்காரன் ஆக்குவது. ‘ஓ ரிங்’ என்று உலகம் முழுவதும் வழங்குவது இதுதான். எந்த மோட்டார் உதிரிபாகக் கடையிலும் ஆணியில் சரம் சரமாகத் தொங்கும். 1937இல் விண்ணப்பம் போட்டு 1939இல் பேட்டண்டு வாங்கினார். யுத்தம் வந்தது. ஆகாய விமானம் அத்தனைக்கும் இந்த வளையம் வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் பேட்டண்டை எடுத்துக்கொண்டு கிழவர் கையில் 75,000 டாலர் கொடுத்தது. அது போதாது என்று அவர் வழக்காடினார். 1952இல் இறந்துபோனார். குடும்பத்தாருக்கு இன்னொரு லட்சம் டாலர் வந்து சேர்ந்தது 1971இல்.

வளையத்துக்கு உலகம் கண் திறந்து பார்த்த நாள் 1986 ஜனவரி 28. அன்று காலைக் குளிரில் சாலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டில் ஒரு ரப்பர் வளையம் விறைத்துப் போய்த் தன் இடத்தை அடைக்கத் தவறியது. ஏழு பேர் ஆகாயத்தில் மாண்டார்கள். விசாரணையின்போது ஃபெயின்மன் என்ற பௌதிகப் பேராசிரியர் அதே ரப்பரில் ஒரு துண்டைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்து, அது மீண்டு வராததைக் கண்ணெதிரே காட்டினார். அந்த வளையம் குளிருக்கு ஆகாது என்று அதைப் பற்றித் தெரிந்த என்ஜினீயர்கள் முதல் நாள் இரவே சொல்லித்தான் இருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

குமணன்சாவடிக்குத் திரும்புவோம். இந்த ரோட்டின் நடுவே மெட்ரோ ரயிலுக்கான மேம்பாலம் 2020களில் எழுந்தபோது, தூணுக்குக் குழி துளைத்த யந்திரத்திலிருந்து பாரம் தூக்கிய கிரேன் வரைக்கும் எல்லாம் எண்ணெய் பலத்தில்தான் வேலை செய்தன. வடக்கே சில மைலில் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியிலும் பீரங்கியின் உதையை வாங்கிக்கொண்டது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய்தான். டாங்கிக்குப் பழுது பார்க்கச் சர்க்கார் இருக்கிறது. வாடகைக்கு ஓடுகிற ஜேசிபிக்கு ரோட்டோரத்துப் பட்டறை இருக்கிறது.

அப்படி ஒரு பட்டறையில் நான் ஒரு பகல் பொழுது உட்கார்ந்திருந்தேன். கை கீழே விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு யந்திரம் வந்திருந்தது. வெளியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. யந்திரத்தின் சொந்தக்காரர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “கண்ணுக்குத் தெரிஞ்சு ஒழுகினா பயமில்லே ஸார். துடைச்சுப்புட்டு நாளைக்குப் பாக்கலாம். தெரியாம உள்ளே ஒழுகுது பாருங்க, அதுதான் ஆளைத் தின்னும்” என்றார். ராடு பக்கத்து வளையம் போனால் எண்ணெய் வெளியே வரும். பிஸ்டன் வளையம் போனால் எண்ணெய் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகும்; வெளியே தெரியாது. தூக்கி நிறுத்திய கை, யாரும் தொடாமலே, அரிசி மூட்டை சரிகிற மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும்.

முதல் காரியமாகக் கையைத் தரையில் இறக்கி வைத்து, அதற்கும் கீழே பழைய ரயில் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். ஸ்டீபன்சனின் உத்தரவு இங்கே யார் மூலமாக வந்து சேர்ந்ததோ! முட்டுக் கொடுக்காமல் தூக்கிய கைக்கு அடியில் புகுகிறவர்களும் இல்லாமல் இல்லை. குமணனைப் போலத் தலையைக் கொடுக்கிறவர்கள் அவர்கள். பாடுவதற்குத்தான் புலவர் வருவதில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டி, குழாயில் அடைபட்டிருந்த அழுத்தத்தைப் போக்கிய பிறகுதான் ஹோஸைக் கழற்றினார் மெக்கானிக். ஒரு பையன் ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவப் போனான். “டேய், கையை எடு!” என்று அவர் போட்ட அதட்டலில் நானே எழுந்து நின்றுவிட்டேன். யந்திரம் ஓடும்போது ஊசித் துளை வழியே வருகிற எண்ணெய், தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் கொசு கடித்த தடம் மாதிரி இருக்கும். வலி கூட முதலில் அவ்வளவாக இராது. உடனே அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரல் போகும், சில சமயம் கையே போகும். ஆகவே அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். “நிக்கிறப்பவும் தடவாதே. நிக்கிறப்போ தடவுற கை ஓடுறப்பவும் தடவும்” என்றார் அவர். பையன் “சரிண்ணே” என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ராடை உருவி எடுத்ததும் அவர் முதலில் பார்த்தது வளையத்தை அல்ல. நகத்தை ராடின் மேல் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போனார். எங்கேயாவது நகம் தட்டினால் கீறல். கீறல் உள்ள ராடில் புது வளையம் போடுவது ஓட்டைக் கூரைக்கு வெள்ளை அடிக்கிற காரியம், சீக்கிரமே அறுந்துவிடும். அப்புறம் குழாயின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பழைய வளையம். ஒரு பக்கம் நன்றாக இருந்தது, மறுபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. “ராடு நேரா இல்லே, ஒரு பக்கமா சாஞ்சு ஓடியிருக்கு” என்றார். வைத்தியர் நாடியைப் பார்த்து நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்வது போல, அவர் வளையத்தைப் பார்த்து யந்திரத்தின் நடத்தையைச் சொன்னார்.

புது வளையங்கள் சீல் கிட் என்று ஒரு பையில் வருகின்றன. பிஸ்டனுக்குரியது சற்று விறைப்பானது. சூடான எண்ணெயில் போட்டு இளக்கித்தான் விரிக்க முடியும். ஆப்பச்சட்டி மாதிரி ஒரு பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. உதடுள்ள வளையத்தை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. உதடு அழுத்தம் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் அது அடைக்காது, வழி விடும். சுத்தம் செய்வதற்குப் பனியன் வேஸ்ட் எடுக்கப் போன பையனுக்கு இன்னொரு அதட்டல் விழுந்தது. திருப்பூர்ப் பனியன் துண்டு உலகத்தில் எல்லாவற்றையும் துடைக்கும். ஆனால் ஒரு நூல் உதிர்ந்து உதட்டுக்கடியில் மாட்டிக்கொண்டால் அத்தனை வேலையும் வீண்.

மாலையில் பில் எழுதினார்கள். சீல் கிட்டுக்குக் கம்பெனிப் பெயரோடு ஒரு வரி, எண்ணெய்க்கு ஒரு வரி. கடைசியில் லேபர் என்று ஒரு வரி. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் சொந்தக்காரர் பேரம் பேசினார். கம்பெனிச் சாமானுக்கு விலை குறையாது என்று அவருக்குத் தெரியும். லேபர் குறைந்தது.

கையை முழுக்க நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, உள்ளே இருந்த காற்றைப் போக்கினார்கள். பிறகு தூக்கி நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டியால் ராடில் ஒரு கோடு போட்டுவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. ராடின் மேல் மட்டும் லேசான எண்ணெய்ப் பளபளப்பு. இன்னும் கசிகிறதே என்றார் சொந்தக்காரர்.

“அது கசிவு இல்லே ஸார்” என்றார் மெக்கானிக். “அவ்வளவு ஈரம் இருக்கணும். சுத்தமா காஞ்சிருந்தா வளையம் எரிஞ்சு போயிடும்.”